ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் ஒரு டை

பட்டறையின் நத்தார், கிறிஸ்துமஸ் விருந்துக்கு இந்த முறையும் என்னை அழைத்திருந்தீர்கள். ஓய்வு பெற்றவனை மறக்காமல் கூப்பிட்டதற்கு நன்றி. அன்று என் பக்கத்தில் இருந்த தங்கச்சி ஒருத்தி, புதிதாகச் சேர்ந்த பொடியனுக்கு ஒரு கதை சொன்னாள். "பள்ளத்தை எண்ணிப்போட்டு அள. இல்லாட்டி அக்காவின்ர டை மாதிரிப் போகும்" என்றாள். மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அந்தச் சிரிப்பு எனக்குச் செரிக்கவில்லை. பட்டறையில் என்னோடு வேலை செய்த அக்கா ஓய்வு பெற்று, ஒடென்சே நகரில் இருக்கும் மகள் வீட்டோடு போன பிறகு வந்தவர்கள் நீங்கள். அவரைக் கண்டிராதவர்கள். அந்த டையைப் பிழையாக அளந்தது அக்கா இல்லை, நான். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். தமிழ் வாசிக்கச் சிரமப்படுகிறவர்கள் வீட்டில் அம்மாவிடம் கொடுத்து வாசித்துக் கேளுங்கள்.

அம்மாமாரும் வாசிக்கப் போகிறபடியால், நமது வேலை என்ன என்று சில வரிகள். பழைய துப்பாக்கிகளால் இலக்குத் தாளில் சுடும் கழகங்கள் இந்த டென்மார்க்கில் ஊருக்கு ஊர் உண்டு. அங்குள்ள பலர் ஈயத்தை உருக்கி, அச்சில் ஊற்றி, தங்கள் சன்னங்களை, அதாவது துப்பாக்கிக் குண்டுகளை, தாங்களே வார்க்கிறார்கள். அச்சிலிருந்து விழும் சன்னம் கொஞ்சம் பருத்திருக்கும், சரியான வட்டமாகவும் இராது. டை என்பது அளவாகத் துளைத்த ஒரு உருக்குக் கட்டை. அதற்குள் சன்னத்தைக் கைப்பிரெஸ்ஸால் தள்ளினால் மறுபக்கத்தால் வழுவழுவென்று ஒரே அளவில் வரும். நாம் செய்வது அந்த டைகளை. பழைய துப்பாக்கிகளில் ஒன்றின் குழல்போல மற்றது இருக்காது என்பதால், வாடிக்கையாளர் மென்மையான ஈயத் துண்டொன்றைத் தன் குழலுக்குள் தள்ளியெடுத்துத் தபாலில் அனுப்புவார். குழலுக்குள் சுருண்டோடும் பள்ளங்கள் அதில் மேடுகளாகப் பதிந்திருக்கும். அதை அளந்து டையைச் செய்வோம். டை சிறுத்துப் போனால் சன்னமும் சிறுத்துப் போகும், குழலைப் பிடிக்காது, ஈயம் குழலில் அப்பிக்கொள்ள, குறி சிதறிவிடும். சிறுத்த சன்னத்தை மறுபடி பருக்கவைக்க வழியில்லை. உருக்கித் திரும்ப வார்க்க வேண்டியதுதான்.

யுத்தத்துக்குத் தப்பி ஓடிவந்த சனம் இந்த வேலையா செய்கிறீர்கள் என்று கோயிலில் என்னைக் கேட்டவர்கள் உண்டு. அக்காவை அவருடைய கிறிஸ்தவ சபையில் கேட்டார்களாம். "அங்க சன்னம் எங்களைத் தேடி வந்தது. இஞ்ச கடதாசியைத் தேடிப் போகுது" என்று சொல்லிவிட்டு வந்ததாக அக்கா சொன்னார்.

அக்கா என்னைவிட இரண்டு வயது இளையவர். ஆனாலும் எனக்கும் அக்காதான். மெஸ்டர் என்று நாம் கூப்பிடும் டேனிஷ் முதலாளிகூட அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்தில் வங்கியில் வேலை பார்த்தவர். இங்கே வந்து மீன் தொழிற்சாலை, துப்புரவு வேலை எல்லாம் செய்து அலுத்து, இஷொய் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருந்த நமது பட்டறைக்கு எனக்கு முன்பே வந்து சேர்ந்தவர். டையின் துளையைக் கடைசியாகத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவருவது அவருடைய வேலை. ஒரு கோலில் தேய்ப்புப் பசையைப் பூசி, துளைக்குள் விட்டு, கையால் சுழற்றித் தேய்ப்பார். தேய்க்கும்போது சபைப் பாட்டுப் பாடுவார். குரல் நன்றாக இராது. அதைச் சொன்னால் இன்னும் சத்தமாகப் பாடுவார். தன் வேலையைத் தானே புகழுவதிலும் குறை வைக்கமாட்டார். "இப்பிடி ஒரு துளை டென்மார்க்கில ஆரும் போடமாட்டினம், பாருங்கோ" என்று ஒவ்வொரு டையையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டுவார். அது பெரும்பாலும் உண்மையாகவே இருந்தது.

நான் ஊரில் பௌதிகம் படிப்பித்தவன். அதனால் அவருக்கு நான் 'வாத்தியார்'. தபாலில் வரும் ஈயத் துண்டுகளை அளந்து, டையின் அளவைத் தீர்மானிப்பது என் பொறுப்பு.

யென்ஸ் என்ற மனிதர் ஒடென்சேயில் பஸ் ஓட்டுநர். மாமனாரிடமிருந்து கிடைத்த பழைய துப்பாக்கி ஒன்றை வைத்திருந்தார். தேசிய அணியில் இடம்பிடிக்க வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. ஒவ்வொரு முறையும் மயிரிழையில் தவறிக்கொண்டிருந்தது. அந்த மாசி மாதம் தெரிவுப் போட்டி இருந்தது. அதற்காக நம்மிடம் ஒரு டை கேட்டு ஈயத் துண்டு அனுப்பியிருந்தார்.

நான் அளந்துகொண்டிருந்தபோது அக்கா கோப்பிக் கோப்பையோடு என் மேசையைக் கடந்து போனார்.

"வாத்தியார், எத்தனை பள்ளம்?"

"அளந்து முடிஞ்சுது அக்கா."

"நான் அளவைக் கேக்கேல்லை."

"மூண்டு தரம் அளந்தனான். மூண்டு தரமும் ஒரே கணக்குத்தான்."

"வழி தெரியாதவனிட்ட மூண்டு தரம் கேட்டுப் பாருங்கோ. அவனும் ஒரே வழியைத்தான் காட்டுவான்" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. எண்ணியிருந்தால் அரை நிமிடம்கூட ஆகியிராது. அவர் கேட்டதற்காகவே எண்ணவில்லை. நாலு அல்லது ஆறு பள்ளமுள்ள குழலென்றால் மேட்டுக்கு நேரெதிரே மேடு இருக்கும். மைக்ரோமீட்டரின் இரண்டு தாடைகளும் இரண்டு மேடுகளைப் பிடிக்கும். கணக்குச் சரியாக வரும். ஐந்து பள்ளமென்றால் மேட்டுக்கு எதிரே தாழ்வு. தாடை சற்று உள்ளே அமர்ந்து, உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். இது எனக்குத் தெரியாததில்லை. பட்டறைக்கு வந்த முதல் வாரமே தெரிந்துகொண்டது. தெரியாமல் விட்ட பிழை என்றால் இன்று இதை எழுதவேண்டி வந்திராது.

அந்தத் துண்டில் ஐந்து மேடுகள் இருந்தன.

டை போய்ச் சேர்ந்தது. யென்ஸ் போட்டிக்கான சன்னங்கள் முழுவதையும் அதற்குள் தள்ளியெடுத்துவிட்டார். போட்டி நடந்த வாரத்தின் செவ்வாய்க்கிழமை தொலைபேசியில் அழைத்தார். குறி தாள் முழுவதும் சிதறுகிறது, குழல் ஈயம் பிடித்துக் கறுத்துப் போயிருக்கிறது என்றார். நான் பாடம் எடுக்கத் தொடங்கினேன். "உங்கள் ஈயக் கலவை மென்மையாக இருக்கிறது. அதுதான் காரணம். கடினமான கலவையில் திரும்ப வாருங்கள்" என்று, உலோகங்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் சேர்த்துச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டு நன்றி சொன்னார். அன்றிரவும் அடுத்த இரவும் பஸ் வேலை முடிந்து வந்து, எல்லாவற்றையும் உருக்கி, திரும்ப வார்த்து, அதே டைக்குள் திரும்பத் தள்ளியிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மறுபடி தொலைபேசி அடித்தது. மெஸ்டர் குடும்பத்தோடு விடுமுறையில் போயிருந்தார். அக்காதான் எடுத்தார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "குழலுக்குள் வெளிச்சம் அடித்துப் பாருங்கள், எத்தனை பள்ளம்?" என்று டேனிஷில் கேட்டார். பதில் வந்ததும் என்னைப் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை.

"பிழை எங்களுடையது" என்றார். "உங்கள் ஈயத்தில் ஒரு குறையும் இல்லை. நாளைக் காலை அங்கே வருகிறோம். நீங்கள் சன்னங்கள் எல்லாவற்றையும் உருக்கி வார்க்கத் தொடங்குங்கள். டையை மட்டும் தொடவேண்டாம்."

தொலைபேசியை வைத்துவிட்டுச் சாமான்களை அடுக்கத் தொடங்கினார். தேய்ப்புக் கோல்கள், பசை, அளவு வளையங்கள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"அக்கா, நான்..."

"காலமை ஏழு மணிக்கு வாசலில நில்லுங்கோ. காரை நான் ஓட்டுறன். நீங்கள் ஓட்டினா ஞாயிற்றுக்கிழமைதான் போய்ச் சேருவம்."

யென்ஸின் வீடு ஒடென்சேக்கு வெளியே. வீட்டுக்குப் பின்னால் கார்க் கொட்டகை. ஈயப்புகை போகவென்று கதவுகளை விரியத் திறந்து வைத்திருந்ததால் மாசி மாதக் காற்று நேரே உள்ளே வந்தது. யென்ஸ் விடியவே எழும்பி வார்த்துக்கொண்டிருந்தார். அரைவாசி முடிந்திருந்தது. கண்கள் சிவந்திருந்தன. அவர் எங்களோடு கோபப்படவில்லை. கோபப்படவும் நேரமில்லாத மனிதராக நின்றார். மறுநாள் காலை போட்டி. சுட்டுப் பார்க்கவும் வழியில்லை. கழகத்தின் சுடுதளம் அன்று பூட்டு. நாங்கள் கொடுக்கும் சன்னம் போட்டியில்தான் முதன்முதலாகப் பறக்கும்.

அக்கா முதலில் யென்ஸை இன்னொரு ஈயத் துண்டைக் குழலுக்குள் தள்ளித் தரச் சொன்னார். அதை வளையங்களுக்குள் ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்து உண்மையான அளவைப் பிடித்தார். பிறகு டையைப் பிடியில் இறுக்கி, கோலில் பசை பூசினார். ஒரு துளையைத் தேய்த்துப் பெரிதாக்கலாம்; கூடிப்போனால் சின்னதாக்க முடியாது. அந்த நேரத்தில் எங்களிடம் இருந்தது அந்த ஒரு டைதான்.

கோலை உள்ளே விடுவதற்கு முன் என்னைத் திரும்பிப் பார்த்தார். "எங்க நிப்பாட்டுறது?"

நான் வளையங்களைத் திரும்ப அடுக்கத் தொடங்கினேன்.

"உங்களைத்தான் கேக்கிறன். எவ்வளவுக்குத் திறக்கிறது?"

"எனக்குத் தெரியாது அக்கா. நீங்களே பாத்துச் செய்யுங்கோ."

கோலைக் கீழே வைத்தார். "செவ்வாய்க்கிழமை போனில நல்லாத் தெரிஞ்சுதே?"

யென்ஸுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் ஈயம் ஊற்றுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்.

"இஞ்ச பாருங்கோ வாத்தியார்" என்றார் அக்கா, குரலைத் தணித்து. "எனக்குத் தேய்க்கத் தெரியும். இண்டைக்கு வார்த்த ஈயம் எப்பிடி, போன மாசம் வார்த்த ஈயம் எப்பிடி எண்ட கணக்கு உங்களிட்டத்தான் இருக்கு. ஒருக்காப் பிழை விட்டிட்டு இப்ப வாயை மூடிக்கொண்டு நிண்டா அது பணிவில்லை. அது அந்தாளுக்குச் செய்யிற அடுத்த அநியாயம்."

செவ்வாய்க்கிழமை தேவையில்லாத இடத்தில் அள்ளிக் கொட்டினேன். சனிக்கிழமை தேவையான இடத்தில் ஒளித்தேன். இரண்டிலும் நான் என் மானத்தைத்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். யென்ஸின் போட்டி என் நினைவில் இல்லை. உங்களுக்கும் ஒருநாள் பிழை வரும். அப்போது இந்த இரண்டாவது பிழையைக் கவனியுங்கள். அதற்கு அடக்கம் என்று ஒரு நல்ல பெயர் இருப்பதால் அது லேசில் பிடிபடாது.

யோசித்தேன். யென்ஸின் கலவை நாட்போகப் போக இறுகுவது. இறுகிய ஈயம் டையிலிருந்து வெளியே வந்ததும் மயிரளவு விரியும். அன்று வார்த்த ஈயம் மென்மையாக இருப்பதால் அவ்வளவு விரியாது. அப்படியென்றால் வழக்கமாகத் திறப்பதைவிடத் துளையைக் கொஞ்சம் அதிகமாகத் திறக்க வேண்டும். அளவைச் சொன்னேன். யென்ஸுக்காக டேனிஷிலும் சொன்னேன்.

"அப்படியென்றால் பிறகு வார்த்து இறுக விடும் சன்னங்களுக்கு இந்த டை பெருத்துப் போகாதா?" என்று யென்ஸ் கேட்டார். நல்ல கேள்வி. எனக்கும் அதே பயம்தான். இரண்டுக்கும் நடுவில் ஒரு அளவைச் சொல்லித் தப்பலாமா என்று யோசித்தேன்.

அக்கா யோசிக்கவில்லை. "இந்த டை ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும்" என்றார். "திங்கட்கிழமை இதைக் குப்பையில் போடுங்கள். உங்களுக்குப் புதியது செய்து அனுப்புவோம்."

தான் பார்த்துப் பார்த்துத் தேய்த்த டையை, டென்மார்க்கில் ஆரும் போடாத துளை என்று வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியிருக்கக்கூடிய ஒன்றை, அவர் அப்படிச் சொன்னார். எல்லாக் காலத்துக்கும் பொருந்துகிற ஒன்றைத் தேடிக்கொண்டு நின்றிருந்தால் ஞாயிற்றுக்கிழமையைத் தவறவிட்டிருப்போம்.

தேய்க்கத் தொடங்கினார். அன்று பாடவில்லை. கொஞ்சம் தேய்ப்பார், துடைப்பார், ஒரு சன்னத்தைத் தள்ளி என்னிடம் தருவார், நான் அளப்பேன். இந்த முறை வளையத்தில்தான். யென்ஸ் வார்த்து முடித்துவிட்டு வெண்கலத் தூரிகையால் குழலைச் சுரண்டினார். சாம்பல் நிறச் செதில்கள் விழுந்துகொண்டேயிருந்தன. மத்தியானம் தாண்டியபோது ஒரு சன்னம் நான் சொன்ன அளவிலேயே வந்தது. நான் "சரி!" என்று கத்திவிட்டேன். யென்ஸ் பிரெஸ்ஸின் கைப்பிடிக்கு ஓடினார்.

அக்கா டையைக் கழற்றி வாசலின் குளிர்ந்த சீமெந்துத் தரையில் வைத்தார். "கையைக் கழுவுங்கோ. சாப்பிடுவம்."

"அக்கா, பொழுது போகுது."

"தொட்டுப் பாருங்கோ. இளஞ்சூடா இருக்கு. இப்ப கேட்டா அது எல்லாத்துக்கும் ஓம் எண்டுதான் சொல்லும்."

ஈய வேலை செய்த கையோடு ஒருவரையும் சாப்பாட்டில் தொடவிடமாட்டார். யென்ஸை அவருடைய சொந்த வீட்டுக் குழாயடியிலேயே இரண்டாம் முறை கழுவ அனுப்பினார். வீட்டிலிருந்து கொண்டுவந்த ரோல்ஸ்களைப் பிரித்து வைத்தார். அந்த நேரத்தில் எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை; அவர் இரண்டு சாப்பிட்டார். யென்ஸின் நாயைப் பற்றி விசாரித்தார். பஸ்ஸில் காசு கொடுக்காமல் ஏறுகிறவர்களைப் பிடித்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டு யென்ஸைச் சிரிக்க வைத்தார். டை நன்றாகக் குளிரும்வரை ஒரு முறையும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. தேய்த்த சூட்டில் விரிந்திருந்த துளை குளிர்ந்து சுருங்கிய பிறகு ஒரு சன்னத்தைத் தள்ளினோம். இன்னும் மயிரளவு இறுக்கமாகத்தான் இருந்தது. அவசரப்பட்டிருந்தால் முழுவதையும் மறுபடி சிறுத்த சன்னங்களாகவே தள்ளி முடித்திருப்போம்.

மறுபடி தேய்த்து, மறுபடி குளிரவிட்டுப் பார்த்தபோது சரியாக இருந்தது. பிறகு வேலை ஓடியது. யென்ஸ் கைப்பிடியை இழுத்தார், நான் மெழுகு பூசினேன், அக்கா ஒவ்வொன்றையும் விரலால் உருட்டிப் பார்த்துப் பெட்டியில் அடுக்கினார். வெளிச்சம் மங்கும்போது பெட்டி நிறைந்தது.

யென்ஸ் கார்வரை வந்தார். அக்காவுக்குக் கைகொடுத்துவிட்டு, என்னைக் காட்டிச் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அடுத்த தடவை இவரை அளக்க விடுங்கள். இவருக்குக் கணக்குத் தெரிகிறது."

அதில் கெட்ட எண்ணம் இல்லை. பிழை எங்களுடையது என்று தொலைபேசியில் சொன்ன குரல் அக்காவினுடையது. அன்று முழுவதும் அளவு சொன்ன குரல் என்னுடையது. அவர் தனக்குத் தெரிந்ததை வைத்துக் கூட்டிப் பார்த்திருக்கிறார். செவ்வாய்க்கிழமை பெயர் சொல்லாமல் பேசியவன் நான் என்பதுகூட அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அக்கா "யா, யா" என்று சிரித்தார். நான் கார்க் கதவைத் திறந்து ஏறி இருந்தேன்.

கடலுக்கு மேலே போகும் பெல்ட் பாலத்தில் கார் ஏறியபோதுதான் வாய் திறந்தேன். "நான் சொல்லியிருக்க வேணும் அக்கா."

"ஓம்" என்றார். "சொல்லியிருக்க வேணும்." பிறகு தன் சபைப் பாட்டைப் போட்டார். பாலம் முடியும்வரை அதுதான் ஒலித்தது.

திங்கட்கிழமை காலை யென்ஸ் அழைத்தபோது நான் எடுத்தேன். அணியில் தெரிவாகிவிட்டார். குழலில் ஈயம் பிடிக்கவேயில்லையாம். கடைசிச் சுற்றில் ஓட்டைகள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தனவாம். கடைசியில், "உங்கள் அக்காவிடம் சொல்லுங்கள், எவருக்கும் ஒருமுறை பிழை வரும். நான் மனதில் வைத்திருக்கவில்லை" என்றார். சொல்கிறேன் என்றேன்.

அக்கா தன் மேசையிலிருந்து கேட்டார். "என்னவாம்?"

"தெரிவாகிட்டாராம்."

"ஸ்தோத்திரம்!" என்று போட்ட சத்தத்தில் பக்கத்துப் பட்டறைக்காரன் எட்டிப் பார்த்தான். கோலைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு கேட்டார். "வேற ஒண்டும் சொல்லேல்லையோ?"

"இல்லை" என்றேன்.

மெஸ்டர் திரும்பி வந்தபோது யென்ஸ் அவரிடமும் தான் விளங்கிக்கொண்டபடிதான் சொல்லியிருந்தார். மெஸ்டர் சிரித்துக்கொண்டு மற்றவர்களுக்குச் சொன்னார். அங்கிருந்து அது உங்கள்வரை வந்திருக்கிறது. திருத்த எனக்கு எத்தனையோ நாட்கள் இருந்தன. அக்காவின் பிரியாவிடையில் நான்தான் பேசினேன். அங்கேயும் சொல்லவில்லை.

விருந்துக்கு மறுநாள் யென்ஸைத் தேடிப் பிடித்துத் தொலைபேசியில் அழைத்தேன். இப்போது அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். பள்ளத்தை எண்ணாமல் அளந்தது நான், உங்கள் ஈயத்தைக் குறை சொன்னதும் நான் என்றேன். அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கேட்டார். பிறகு, "அப்படியென்றால் நான் அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவருடைய இலக்கத்தைக் கொடுங்கள்" என்றார். கொடுத்தேன். ஒரு பெரிய பாரத்தை இறக்கிவைத்த மாதிரி இருந்தது. அன்று நன்றாக நித்திரை கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து அக்கா அழைத்தார். சுகம் விசாரிக்கவில்லை.

"வாத்தியார், அந்த பஸ்காரன் எனக்குப் போன் அடிச்சு மன்னிப்புக் கேக்குது. அந்தாள் ஒரு பிழையும் விடேல்லை. நீங்கள் எப்ப கேக்கப் போறியள்?"

யென்ஸிடம் சொன்னதே போதும் என்றுதான் நினைத்திருந்தேன்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா" என்றேன்.

"என்னத்துக்கு எண்டு சொல்லிக் கேளுங்கோ. எனக்கு நேரம் இருக்கு. நான் இருந்துகொண்டுதான் கதைக்கிறன்."

நானும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.